அகலம் இல்லாத கட்டு

ஒரு காட்டில் தீயணைக்கும் பொறுப்பு நத்தைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கோடையில் ஒரு நாள் தீப்பிடித்தது. நத்தைகள் மறுவாரம் வந்து சேர்ந்து, சாம்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தீயைக் காட்டாமல் எங்களை வரவழைத்தது முறையா?" என்று வருந்தின. விலங்குகள் நத்தைகளை நொந்துகொள்ளவில்லை. நத்தையின் நடை அவ்வளவுதான். அவை நொந்துகொண்டது யானையை. தும்பிக்கை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, அதைப் பீய்ச்சுவதற்கு அனுமதி கேட்டு அது நத்தைகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்ததாம்.

விழுப்புரம் பக்கத்து அனந்தபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் துரைக்கண்ணு, யானையும் அல்லர், நத்தையும் அல்லர். நான்கு ஏக்கர் கழனியும் ஒன்பது மாடுகளும் அம்சா என்னும் மனைவியும் உடையவர். இவற்றைத் தாம் ஆண்டுவருவதாக அவர் நினைத்திருந்தார். மூன்றும் சேர்ந்து தம்மை ஆண்டுவருவதை அவர் அறிந்ததும் உண்டு. அறிந்தும் மகிழ்ச்சியாகவே இருந்தார்.

தை மாதக் கடைசியில் அறுப்பு இயந்திரம் வந்து நெல்லை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனது. நெல் மூட்டையாகி வீடு சேர்ந்தது. வைக்கோல் மட்டும் கழனி முழுவதும் நீள நீள வரிசைகளாகக் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வானிலைச் செய்தியில் வெள்ளிக்கிழமை முதல் மழை என்றார்கள். நனைந்த வைக்கோல் இரண்டே நாளில் கருத்து, முடைநாற்றம் எடுத்துவிடும். மாடு அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு, 'இதையா எனக்கு வைத்தாய்?' என்பதுபோல் நிமிர்ந்து பார்க்கும். கோடை முழுவதும் ஒன்பது வாய்களுக்கும் அந்த வைக்கோல்தான் உணவு. அது போனால் நான்கு மாடுகளையாவது சந்தைக்கு ஓட்ட வேண்டியிருக்கும். எந்த நான்கு என்ற கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளத் துரைக்கண்ணுவுக்குத் துணிவில்லை.

வைக்கோலைக் கட்டிச் சேர்க்க ஒரு பேலர் வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் இயந்திரம் அது. தரையில் கிடக்கும் வைக்கோலைச் சீப்பு போன்ற பற்களால் வாரி எடுத்து, வயிற்றுக்குள் சுருட்டி, சணல் கயிறு சுற்றி, பின்கதவைத் திறந்து உருளைக் கட்டாக வெளியே போடும். கோழி முட்டையிடுவதைப் போன்ற காரியம்தான். கோழிக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை என்பதே வேறுபாடு.

வாடகைக்கு ஓடும் பேலர்கள் எல்லாம் கண்டாச்சிபுரம் பக்கம் போய்விட்டன. இன்னும் பத்து நாளைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"திண்டிவனத்துல கெவுருமெண்டு மையம் ஒண்ணு இருக்குதாம். அங்க பேலரு சும்மாவே நிக்குதாம்" என்றாள் அம்சா. "ஜல்தியா போய்க் கேட்டுக்கினு வாங்க."

திங்கட்கிழமை காலையில் துரைக்கண்ணு திண்டிவனம் போய்ச் சேர்ந்தார். 'வேளாண் இயந்திரத் தேர்வு வழிகாட்டு மையம்' என்ற பலகைக்குக் கீழே ஒரு பெரிய முற்றம் இருந்தது. அதில் வரிசையாக மூன்று சிமெண்டு மேடைகள். முதல் மேடையில் செக்கச்செவேலென்று ஒரு பேலர் நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் 'ஆரோக்கியசெல்வி, இயக்குபவர்' என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தது.

"மெஷினு நல்லா ஓடுமாம்மா?"

"எனக்கும் அது தெரிஞ்சுக்கணும்னு ஆசைதாங்க ஐயா" என்றாள் அவள். "எட்டு மாசமா நான்தான் ஆபரேட்டரு. காலையில வர்றேன், தொடைக்கிறேன், கையெழுத்துப் போடறேன், வானூருக்கு பஸ் ஏறிப் போறேன். இது இன்னும் ஒரு வாய் வைக்கோலு துன்னல. காத்துல ஒரு துரும்பு வந்து ஒட்டினாகூட தொடைச்சுடுன்றாங்க."

"ஏம்மா, இத்த யாரும் வந்து கேக்கலையா?"

"கேக்காம இன்னா? கேக்கறவங்க உள்ள போவாங்க. உள்ள போய்ட்டு வந்தவங்க இத்த எடுக்கறதில்ல. ஏன்னு நீங்களே போய்ப் பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

உள்ளே இருந்தவர் தேர்வு அலுவலர் கோகுலகிருஷ்ணன். மிகுந்த அன்புடையவர். தம்மை நாடி வந்த எவரையும் 'முடியாது' என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பியதில்லை. 'முடியும்' என்று சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார்.

"உக்காருங்க ஐயா. பேலர்தானே? தாராளமா. ஆனா விவசாயி மேல நாங்க எதையும் திணிக்கக் கூடாது. அது எங்க மையத்தோட கொள்கை. மூணு இயந்திரம் இருக்கு. ஒவ்வொண்ணையும் கால் மணி நேரம் கூர்ந்து பாத்து, நீங்களே மதிப்பெண் போடணும். எதுக்கு மதிப்பெண் அதிகமோ அது உங்களுக்கு."

"மூணு இருக்குதுங்களா சார்? ஒண்ணுதான் கண்ணுல பட்டுது."

"கண்ணுல படறத மட்டும் வச்சு எடுத்தா அது தேர்வே இல்லைங்க ஐயா."

துரைக்கண்ணு மதிப்பெண் தாளோடு முற்றத்துக்கு வந்தார். முதல் மேடையில் சிவப்புப் பேலர். இரண்டாம் மேடையில் செவ்வகக் கட்டுக் கட்டும் இயந்திரத்தின் வண்ணப்படம் ஒன்று சட்டமிட்டு நிறுத்தப்பட்டிருந்தது. இயந்திரம் வருவதாக இருந்து, படம் மட்டும் முதலில் வந்து சேர்ந்ததாம். மூன்றாம் மேடையில் 'இயந்திரம் எண் 3' என்ற பலகை இருந்தது. வேறொன்றும் இல்லை. அந்தப் பலகையின் முன்னாலும் அவர் கால் மணி நேரம் நின்றார். ஒரு காகம் வந்து மேடையில் உட்கார்ந்து, சிறிது யோசித்துவிட்டுப் போயிற்று.

தாளில் இருந்த கேள்விகள் இவை: இரைச்சல் எவ்வளவு? புகை உண்டா? டீசல் எவ்வளவு குடிக்கும்? பழுதாகுமா? கை, கால் சிக்கும் அபாயம் உண்டா? வைக்கோலைக் கட்டுமா என்ற கேள்வி மட்டும் இல்லை.

துரைக்கண்ணு நேர்மையானவர். பொய் மதிப்பெண் போட அவர் மனம் ஒப்பவில்லை. சிவப்புப் பேலர் இரைச்சல் போடும்தான், புகை விடும்தான், கவனம் தப்பினால் கையைக் கேட்கும்தான். படம் இவற்றில் எதையும் செய்யாது, ஆனால் காற்றடித்தால் கண்ணாடி விழுந்து உடையக்கூடும். மூன்றாம் எண்ணிடம் எவ்வளவு தேடியும் அவருக்கு ஒரு குறையும் தென்படவில்லை. ஆகவே எல்லாக் கேள்விக்கும் பத்துக்குப் பத்து போட்டார்.

தாளைப் பார்த்த கோகுலகிருஷ்ணன் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"நல்ல தேர்வு ஐயா! உங்களுக்கு முன்னால வந்த ஏழு பேரும் மூணாம் எண்ணைத்தான் எடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை."

"சார், அதுல மெஷினே இல்லீங்களே!"

"இப்போதைக்கு இல்லை. அதுக்காக மதிப்பெண்ணை மாத்த முடியுங்களா? நீங்களே உங்க கையால போட்டதாச்சே."

ஒதுக்கீட்டு ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துரைக்கண்ணு வீடு வந்து சேர்ந்தார். 'இயங்கும்போது அருகில் செல்லாதீர்' என்ற எச்சரிக்கை அட்டையும் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது.

அம்சா ஆணையை முழுவதும் படித்தாள். பிறகு கணவரை முழுவதும் பார்த்தாள்.

"ஏங்க, காலி மேடைய வாங்கிக்கினு வந்தீங்களே, கூடவே ஒரு காலி டிராக்டரும் கேட்டு வாங்கியிருக்கலாமில்ல? இத்த எதுல பூட்டி ஓட்டறது?"

"கிண்டல் பண்ணாத அம்சா. நாலு நாளுதான் இருக்குது. எனக்கே பேஜாரா இருக்குது."

அம்சா காகிதத்தைத் திருப்பினாள். ரேஷன் கடை, மின்வாரியம், பட்டா அலுவலகம் என்று பல வாசல்களில் நின்று தேறியவள் அவள். எந்த அரசுக் காகிதத்தையும் முன்பக்கம் ஒருமுறையும் பின்பக்கம் இருமுறையும் படிப்பாள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் விதிகள் இருந்தன. பதினான்காம் விதி: 'ஒதுக்கப்பட்ட இயந்திரம் இயங்காவிடில், புகார் கிடைத்த அன்றே மாற்று இயந்திரம் வழங்கப்படும். மாற்று இயந்திரம் கையால் தொட்டுப் பார்க்கக் கூடியதாக இருத்தல் வேண்டும்.'

"உங்க மெஷினு ஓடுதா?" என்று கேட்டாள்.

"எந்த மெஷினு?"

"அதான், மூணாம் நம்பரு."

"இல்லாத மெஷினு எப்படிம்மா ஓடும்?"

"ஓடல இல்ல? அத்த அப்படியே எழுதிக் குடுங்க. நீங்க பொய் எழுத மாட்டீங்க, தெரியும். இது நெசந்தானே?"

செவ்வாய்க்கிழமை காலை, மையத்தின் வரலாற்றில் முதல் புகார் பதிவாயிற்று. 'மூன்றாம் எண் இயந்திரம் வைக்கோலை எடுக்கவில்லை. அசையவும் இல்லை' என்று துரைக்கண்ணு எழுதியிருந்தார். கோகுலகிருஷ்ணனின் முகம் வாடிவிட்டது. டார்ச் விளக்கும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மேடைக்குப் போனார். மூன்று முறை சுற்றிவந்தார். ஒருமுறை குனிந்து அடியில் பார்த்தார்.

"எட்டு மாசமா நல்லா இருந்துச்சு ஐயா" என்றார் வேதனையோடு. "உங்க ராசி அப்படி."

'புகார் உண்மை. இயந்திரம் எவ்வித அசைவும் காட்டவில்லை. காரணம் வெளிப்படையாகத் தெரியவில்லை' என்று அறிக்கை எழுதினார். தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற விதியினால் படம் விலக்கப்பட்டு, சிவப்புப் பேலர் மாற்று இயந்திரமாக ஒதுக்கப்பட்டது. துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியசெல்வியின் கையிலிருந்து துணி நழுவி விழுந்தது.

"ஆனா ஐயா, சில நடைமுறைகள் இருக்கு" என்றார் கோகுலகிருஷ்ணன். "நாளைக்கு விழுப்புரத்துல உங்களுக்குப் பயிற்சி. வியாழக்கிழமை உங்க கழனியில திறப்பு விழா. எங்க இயக்குநர் தாண்டவராயன் ஐயா நேர்ல வருவார். அவர் முன்னாடி ஒரு மாதிரிக் கட்டு கட்டணும். அந்தக் கட்டு எங்க படிவப்படி தேறினதும் மெஷின் இங்க திரும்பிடும்."

"ஒரு கட்டுங்களா? நாலு ஏக்கருங்க சார்! நூத்துக்கு மேல கட்டு வரும்."

"ஒரு கட்டு தேறிடுச்சுன்னா மெஷின் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுடும். வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச மெஷின் எதுக்கு ஐயா மறுபடி மறுபடி வேலை செய்யணும்?"

இயக்குநர் நேரில் வரும்போது காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்ளலாம் என்று துரைக்கண்ணு மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

புதன்கிழமைப் பயிற்சி, விழுப்புரத்தில் மின்விசிறிகள் நிறைந்த ஒரு கூடத்தில் நடந்தது. பயிற்சிக்கு வந்த பதினெட்டுப் பேரில் கழனி உள்ளவர் துரைக்கண்ணு ஒருவரே. மற்றவர்கள் எல்லாப் பயிற்சிக்கும் தவறாமல் வருபவர்கள். பையும் பேனாவும் மதியச் சாப்பாடும் எந்தப் பயிற்சியில் தரமாக இருக்கும் என்பதில் தேர்ச்சி பெற்றவர்கள். பேலரின் உட்புறம் எவ்வாறு சுழல்கிறது என்பதை விளக்குவதற்காகக் கோகுலகிருஷ்ணன் பதினெட்டுப் பேரையும் நாற்காலிகளைச் சுற்றி ஓடவைத்தார். மயங்கி உட்கார்ந்தவருக்கு 'நன்று' என்று குறித்துக்கொண்டார். கட்டு இறுகிவிட்டதாம்.

கடைசியில் ஒரு கேள்வி. "உருளைக் கட்டின் முன்பக்கம் எது? தேறிய கட்டுக்கு ஒட்டுச்சீட்டை முன்பக்கத்துலதான் ஒட்டணும். யார் சொல்றீங்க?"

ஒருவர் "கயிறு முடிகிற பக்கம்" என்றார். இன்னொருவர் "கிழக்கு" என்றார்.

"தவறு. அலுவலர் நிற்கும் பக்கமே முன்பக்கம். எழுதிக்குங்க."

துரைக்கண்ணு எழுதிக்கொண்டார். அது தமக்கு எப்போதாவது பயன்படும் என்று அவர் எண்ணவே இல்லை.

உண்மையான பயிற்சி அதன்பின், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில், மூன்று நிமிடத்தில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவள், பயிற்சிக்கு உதவியாக வந்திருந்த ஆரோக்கியசெல்வி. இந்த வேலைக்கு வருமுன் அவள் இரண்டு பருவம் தன் அண்ணனின் வாடகைப் பேலரை ஓட்டியவள்.

"வரிசை மேல நேரா போய்க்கினே இருந்தா நடுவுல மட்டும் ரொம்பி, கட்டு பானை வயிறு மாதிரி வரும். கொஞ்சம் எடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம்னு நெளிஞ்சு நெளிஞ்சு போவணும். அப்பதான் ரெண்டு ஓரமும் ரொம்பும். இன்னொண்ணு, பனி ஈரம் காயறதுக்கு முன்னால கட்டவே கூடாது. உள்ள புழுங்கிப் பூசணம் புடிச்சிடும். அவ்ளோதாங்க ஐயா. இதுக்கு எதுக்கு நாக்காலியச் சுத்தி ஓடணும்?"

வியாழக்கிழமை எட்டு மணிக்கே டிராக்டரில் பேலரைப் பூட்டிக்கொண்டு ஆரோக்கியசெல்வி கழனிக்கு வந்துவிட்டாள். அம்சா பேலரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். குறுக்கே சிவப்பு நாடா கட்டப்பட்டது. நாடா வெட்டப்படும்வரை பேலரைத் தொடக்கூடாது என்பது கட்டளை. ஒன்பது மணிக்கு வருவதாக இருந்த இயக்குநர் வரவில்லை. பத்து ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கிழக்கே புதுச்சேரிப் பக்கம் வானம் கேப்பைக் கூழின் நிறத்தில் கறுத்துவந்தது.

"வெள்ளிக்கெழமன்னு சொன்னாங்க. மழைக்குத் தேதி தெரியாது போல" என்றார் இருதயராஜ். பக்கத்துத் தெருக்காரர். கட்டுகளை உருட்டிச் சேர்க்கத் துரைக்கண்ணு அழைத்திருந்த ஆறு பேருக்கு அவரே தலைவர். "துரையண்ணே, ஒரே ஒரு கட்ட உருட்டறதுக்கு ஏழு பேரு எதுக்கு? ஆளுக்கு ஒரு துரும்பு புடிச்சுக்கலாமா?"

துரைக்கண்ணுவால் சிரிக்க முடியவில்லை. வைக்கோலின் மணம் மூக்கில் ஏறியது. கொட்டகையில் வெள்ளைப் பசு இவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டரை மணிக்கு இயக்குநர் தாண்டவராயன் வந்தார். ஒரு விதத்தில் அவருடைய தாமதமே அன்றைய நாளின் முதல் நன்மை. ஒன்பது மணிக்கு வந்திருந்தால் வைக்கோல் பனியில் நனைந்திருக்கும். இப்போது மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. பொன்னாடை போர்த்தப்பட்டது. இயக்குநர் ஒலிவாங்கியைப் பற்றினார்.

"பெரியோர்களே! இந்த இயந்திரம் நம் மையத்துக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இந்த எட்டு மாதங்களில் இது ஒருமுறைகூடப் பழுதானதில்லை. ஒரு பல் தேய்ந்ததில்லை. இவ்வளவு ஒழுக்கமான இயந்திரத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. தனியாரிடம் உள்ள இயந்திரங்களைப் பாருங்கள்! இரண்டே பருவத்தில் உருக்குலைந்துபோகின்றன. காரணம் என்ன? வேலை! வேலைதான் இயந்திரத்தின் முதல் எதிரி. அந்த எதிரியிடமிருந்து இதை எட்டு மாதங்கள் காப்பாற்றியது யார்? நாம்!"

கொட்டகையில் ஒரு மாடு கத்தியது. அது கைதட்டலாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

மூன்று மணிக்கு நாடா வெட்டப்பட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. பேலர் தன் வாழ்நாளின் முதல் வாய் வைக்கோலை வாரிக்கொண்டது. ஆரோக்கியசெல்விக்குக் கை பழக்கம் விட்டுப்போயிருந்ததால், முதல் கட்டு ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் கோணலாக வந்து விழுந்தது.

"இது தேறாது" என்றார் இயக்குநர். அது நியாயமான தீர்ப்புத்தான். அன்று அவர் வழங்கிய நியாயமான தீர்ப்பு அது ஒன்றே. "இயக்குநருக்குக் கோணல் கட்டா? இன்னொன்று கட்டச் சொல்லுங்கள். தேறாத கட்டு கண்ணில் படக் கூடாது. தேறிய கட்டோடு கலந்துவிடும். உடனே அப்புறப்படுத்துங்கள்."

கோகுலகிருஷ்ணன் அதன்மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்ற சீட்டை ஒட்டினார். இருதயராஜின் ஆட்கள் அதைக் கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் கட்டு முத்தாக விழுந்தது. இரு ஓரமும் நிறைந்து, இறுகி, தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கும் கட்டு. துரைக்கண்ணுவின் நெஞ்சு விம்மியது. பிறகு, இத்துடன் முடிந்ததே என்று, கட்டாமல் கிடந்த வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். கோகுலகிருஷ்ணன் அளவுநாடாவும் படிவமுமாகக் குனிந்தார். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: நீளம், அகலம், உயரம். செவ்வகக் கட்டுக்காக அச்சடித்த படிவம் அது. இயந்திரம் வருமுன் படம் வந்ததைப்போல், படத்துக்கும் முன்பே படிவம் வந்துவிட்டிருந்தது.

"நீளம் மூணு அடி சார். அகலம்..." அவர் நாடாவை அந்தப் பக்கம் வைத்தார். இந்தப் பக்கம் வைத்தார். நாடா வளைந்து வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. "சார், அகலம் வரலைங்க."

"வராமல் எங்கே போகும்? அகலம் வரும்வரை கட்டச் சொல்லுங்கள்."

துரைக்கண்ணுவால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு நல்ல கட்டைக் குறை சொல்வதா? "சார், இது உருண்டைங்க. உருண்டைக்கு எப்படிங்க..."

அம்சாவின் கால் அவர் காலை அழுத்தியது. அழுத்திய அழுத்தில் மீதி வாக்கியம் உள்ளேயே தங்கிவிட்டது.

"அவரு கெடக்கறாருங்க சார். ஒண்ணும் தெரியாது" என்றாள் அம்சா. "எனக்கும் இந்தக் கட்டு மனசுக்குத் திருப்தியா இல்ல. ஒரு கட்டுன்னா அகலம்னு ஒண்ணு வேணாமா? செல்வி! இன்னும் நல்லா கட்டும்மா! ஐயா வெயிட் பண்றாரு இல்ல!"

ஆரோக்கியசெல்வி டிராக்டரின் மேலிருந்து அம்சாவைப் பார்த்தாள். கண் இமைக்கும் நேரம்தான். அதன்பின் வண்டி நிற்கவில்லை.

மூன்றாம் கட்டுக்கு அகலம் இல்லை. பத்தாம் கட்டுக்கும் இல்லை. நிமிடத்துக்கு ஒன்றாகக் கட்டுகள் விழுந்தன. விழுந்த வேகத்திலேயே நிராகரிக்கப்பட்டன. நிராகரிக்கப்பட்ட வேகத்திலேயே இருதயராஜின் ஆட்கள் உருட்டிக்கொண்டு ஓடினார்கள். இயக்குநருக்கும் அலுவலருக்கும் அம்சா, மல்லாட்டை என்று அவ்வூரில் சொல்லும் வேர்க்கடலையை வறுத்து, தேநீரோடு கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு கட்டையும் இருவருக்கும் முன்னால் அவளே போய்ச் சோதித்தாள். "சீச்சீ, இதுவும் தேறாதுங்க சார்" என்று முகம் சுளித்தாள். "மக்களிடையே தர உணர்வு வளர்ந்திருக்கிறது" என்று இயக்குநர் கோகுலகிருஷ்ணனிடம் மெச்சிக்கொண்டார்.

தொண்ணூறாவது கட்டின்போது ஆபத்து வந்தது. அன்புள்ளவர்களால் வரும் ஆபத்துதான் எப்போதும் பெரிது. கோகுலகிருஷ்ணனுக்கு ஓர் எண்ணம் உதித்தது.

"சார், பாவம் இந்த ஐயா. தொண்ணூறு தோல்வி. குறுக்களவையே அகலம்னும் உயரம்னும் எழுதிடலாமா? தேறிடுமே."

இயக்குநர் வானத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "எழுதுங்கள். சீட்டை ஒட்டுங்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்."

அம்சா மல்லாட்டைத் தட்டைக் கீழே வைத்தாள். கழனியில் இன்னும் ஒன்றரை ஏக்கர் வைக்கோல் கிடந்தது. அவள் கணவரைப் பார்த்தாள். இம்முறை அவள் காலை மிதிக்கவில்லை. மிதிக்கத் தேவையில்லாமல் போயிற்று. துரைக்கண்ணு சட்டைப்பையிலிருந்து பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். சீட்டை முன்பக்கத்துல ஒட்டணும்னு நேத்து சொன்னீங்க. அலுவலரு நிக்கற பக்கம்தான் முன்பக்கம்னு எழுதி வச்சிருக்கறேன். இப்ப நீங்க இந்தப் பக்கம் நிக்கறீங்க, பெரிய சாரு அந்தப் பக்கம் நிக்கறாரு. எது முன்பக்கமுங்க?"

கோகுலகிருஷ்ணன் குனிந்த இடத்திலிருந்து சட்டென்று நிமிர்ந்தார். "இயக்குநர் நிக்கறதுதான் முன்பக்கம். சந்தேகமே இல்லை."

"அப்ப நீங்க பின்பக்கம் நிக்கறீங்களா சார்?"

"இல்லையில்லை, அலுவலர் பின்பக்கம் நிக்க விதியில இடமில்லை." அவர் சுற்றிக்கொண்டு இயக்குநரின் பக்கம் வந்து நின்றார்.

"எனக்குச் சமமாகவா நிற்கிறீர்கள்?" என்றார் இயக்குநர்.

கோகுலகிருஷ்ணன் இரண்டடி விலகினார். உருளையின் வளைவில் இரண்டடி விலகினால் அது பக்கவாட்டாகிவிடுகிறது. பக்கவாட்டுக்கு என்ன பெயர் என்பது விதியில் இல்லை. கையேடு வண்டியிலிருந்து கொண்டுவரப்பட்டது. இயக்குநர் உட்கார்ந்தபடி சீட்டை ஒட்டலாமா, அவ்வாறாயின் முன்பக்கம் தாழ்ந்துவிடாதா என்பது ஆராயப்பட்டது. திண்டிவனத்துக்கு ஒருமுறையும் அதற்கு மேலிடத்துக்கு இருமுறையும் தொலைபேசியில் பேசினார்கள். மேலிடத்தில், கட்டு எந்தத் திசையை நோக்கி இருக்கிறது என்று கேட்டார்கள்.

அதற்குள் ஆரோக்கியசெல்வி கடைசி வரிசைக்கு வந்துவிட்டாள். வலது பக்கம் நெளிந்தாள், இடது பக்கம் நெளிந்தாள், வரப்போரத்துத் துரும்புவரை வாரினாள். நூற்று நாற்பத்து மூன்றாவது கட்டு விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, கழுத்துத் துண்டால் பேலரின் முகத்தைத் துடைத்தாள். எட்டு மாதப் பழக்கம்.

"சரி, வடகிழக்கு என்றே எழுதிக்கொள்வோம்" என்று இயக்குநர் எழுந்தார். "அந்த மாதிரிக் கட்டைக் கொண்டுவாருங்கள்."

கோகுலகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். கழனி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அவர் அளந்த கட்டையும் யாரோ உருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். "தேறாததுன்னு நெனச்சு தள்ளிக்கினு போயிட்டேன் சார். இதுக்கு மாத்திரம் அகலம் வந்துடுச்சா இன்னா?" என்றார் இருதயராஜ், கொட்டகை வாசலில் மூச்சிரைக்க நின்றபடி.

"இன்னொன்று கட்டச் சொல்லுங்கள்!"

"வைக்கோல் இல்லைங்க சார்" என்றாள் ஆரோக்கியசெல்வி.

முதல் துளி, இயக்குநரின் பொன்னாடையில் விழுந்தது. இரண்டாவது, படிவத்தில், அகலம் என்ற கட்டத்தில் விழுந்தது. அதன்பின் எண்ண முடியவில்லை. இயக்குநர் வண்டிக்குள் ஓடினார். மற்றவர்கள் கொட்டகைக்குள் ஓடினார்கள். தகரக் கூரையில் மழை கொட்டி முழங்கியது. உள்ளே சுவர் ஓரமாகத் தரையிலிருந்து கூரைவரை கட்டுகள் அடுக்கியிருந்தன. எதிலும் ஒரு சொட்டு ஈரமில்லை.

கோகுலகிருஷ்ணன் கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டு, ஒரு மாட்டின் முதுகைப் பலகையாகக் கொண்டு அறிக்கை எழுதி முடித்தார். 'முயற்சிகள்: 143. தோல்விகள்: 143. தொடர இயலாமைக்குக் காரணம்: வைக்கோல் தீர்ந்துவிட்டது.' கையெழுத்துப் போடும்படி துரைக்கண்ணுவிடம் நீட்டினார். தாம் ஒரு பொய்யும் எழுதவில்லை என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, துரைக்கண்ணு கையெழுத்திட்டார். தம் வாழ்நாளில் இவ்வளவு பெரிய தோல்வியை அவர் அடைந்ததே இல்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தும் முகமெல்லாம் சிரிப்பு தெரிந்தது.

அந்த முகத்தைத் துயரத்தின் முகமாகக் கண்ட கோகுலகிருஷ்ணன் அவர் தோளைத் தொட்டார். அலுவலரின் கண்களில் மெய்யாகவே நீர் இருந்தது.

"மனசை விட்டுடாதீங்க ஐயா. நான் அப்பவே நினைச்சேன், இந்தச் சிவப்பு மெஷின் உங்களுக்கு ஒத்துவராதுன்னு. அடுத்த வருஷம் பேசாம அந்த மூணாம் எண்ணையே எடுத்துக்குங்க. அதுக்குள்ள பழுது பாத்து வச்சுடறோம்."

வெள்ளைப் பசு கழுத்தை நீட்டி, அருகிலிருந்த கட்டிலிருந்து ஒரு வாய் வைக்கோலை உருவியது. 'நிராகரிக்கப்பட்டது' என்ற சீட்டும் சேர்ந்து வந்தது. அது இரண்டையும் சமமாகவே மென்றது.

"கண்டிப்பா எடுத்துக்கறோங்க சார்" என்றாள் அம்சா. "புகாரு எழுதற ஃபாரம் மட்டும் இப்பவே ஒண்ணு குடுத்துட்டுப் போங்க."